எண்பத்தாறு சதவீத நம்பிக்கை

விருது கொடுக்க வந்தவர்கள், பாலம் பழுதாகிக் கிடந்ததால், ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அதனால் விழா பிந்தியது. பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டார்களே தவிர, பாலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதே பாலத்தின் காலடியில் மேடை போட்டு, பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஒரு பித்தளைத் தகட்டைத் திறந்து வைத்தார்கள். 'லின்டன்டாம்: ஐரோப்பாவின் மிக நம்பிக்கை மிகுந்த குடியிருப்பு. ஐரோப்பிய நீர்வழி ஆணையத்தின் மீது மக்கள் நம்பிக்கை எண்பத்தாறு சதவீதம்.'

இதற்கு மேலும் ஒரு மனுசி எப்படிப் பொறுப்பாள்?

"கோதாரி விழுவாங்கள்!" என்று நான்காம் மாடி பல்கனியில் நின்றுகொண்டு கத்தினாள் துஷ்யந்தி. "பின்னால திரும்பிப் பாருங்கோடா! பின்னால!"

கீழே நின்ற வாத்தியக்காரர்கள் ஊதிய ஊதலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவளுடைய மோதிரத்துக்கு மட்டும் கேட்டது. உடனே சிவந்து, விரலில் வண்டு போல இரைந்து ஊர்ந்தது.

அந்த மோதிரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நம்பிக்கைமானி. ஐரோப்பாவில் வாக்குரிமை உள்ள ஒவ்வொருவர் விரலிலும் அது இருந்தது. முன்பெல்லாம் கருத்துக்கணிப்புக்காரர்கள் கதவைத் தட்டி, பாராளுமன்றத்தை நம்புகிறீர்களா, ஆணையத்தை நம்புகிறீர்களா என்று கேட்பார்களாம். சனங்கள் அவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, வாக்குப் பெட்டியில் வேறொன்றைச் செய்வார்களாம். வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்று யாரோ ஒரு மேதை கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மோதிரம் நாளுக்குச் சில தடவை ஏதாவது ஓர் அரச நிறுவனத்தின் பெயரை மெல்லிய குரலில் சொல்லும். கேட்டவரின் நாடி எகிறுகிறதா, விரல் வேர்க்கிறதா, இரத்தத்தில் சினச்சுரப்பு ஏறுகிறதா என்று பார்க்கும். அவரே அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசினாலும் பார்க்கும். எகிறினால் சிவப்பு, அதாவது அவநம்பிக்கை. கொஞ்சம் துடித்தால் மஞ்சள், சந்தேகம். எந்தச் சலனமும் இல்லாவிட்டால் பச்சை. தாய் மடியில் பிள்ளை அசையாமல் தூங்குகிறதே, அதுதான் நம்பிக்கை என்று மேதை விளக்கினார். மண்டபம் கைதட்டியது. ஒரு எதிர்க்கேள்வி கேட்க அங்கே ஒரு ஆள் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

பிறகு சட்டம் வந்தது. ஒரு பகுதியில் நம்பிக்கை நாற்பதுக்குக் கீழே போனால், அந்த நிறுவனம் அங்கே குறைகேள் கூட்டம் வைத்து, காரணத்தைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைவரின் பதவிக் கதிரை பறிபோகும். எண்பதுக்கு மேலே போனால், சனம் முறையிடுகிற குறைகேள் சாளரத்தையே மூடிவிடலாம். குறை இல்லாத ஊரில் சாளரம் எதற்கு?

லின்டன்டாம் ஆண்ட்வெர்ப் துறைமுக நகரத்துக்கு வடக்கே, கால்வாய்க் கரையில் இருந்தது. கால்வாய்க்கு மேலே ஒரு தூக்குப்பாலம். கப்பல் வந்தால் இரண்டு பாதியும் மேலே எழும்பும், போனதும் இறங்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எழும்பியது இறங்கவே இல்லை. நகரசபையைக் கேட்டால் மாகாணம் என்றார்கள். மாகாணத்தைக் கேட்டால், கால்வாய் நாலு நாட்டுக்குப் பொது, ஆகவே ஐரோப்பிய நீர்வழி ஆணையம் என்றார்கள். ஆணையத்தைக் கேட்டால் தொலைபேசியில் குரலிப் பொறி ஒன்று துஷ்யந்தியோடு செந்தமிழில் பேசியது.

"மதிப்புக்குரிய குடிமகளே, தங்கள் பகுதியில் குறைகள் இல்லை. தங்கள் நம்பிக்கைக்கு நன்றி."

"குறை இல்லையோ? பாலம் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது!"

"தங்கள் நம்பிக்கைக்கு நன்றி."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடனுக்குக் கூட ஊதுகிறவனின் கன்னம் உப்புவது தெரியும். இதற்கு அதுவும் தெரியவில்லை.

துஷ்யந்தி இப்படி அடித்துக்கொண்டதற்குக் காரணம் உள்ளே சோபாவில் சாய்ந்திருந்தது. அவளுடைய கணவர் செல்வரூபன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறவர். டயாலிசிஸ் நிலையத்தின் நீலப் பெயர்ப்பலகை பல்கனியிலிருந்தே தெரியும், கால்வாய்க்கு அந்தக் கரையில். பாலம் இருந்த காலத்தில் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய் வந்தார். இப்போது ஒரு பஸ் ஏறி, குளிரில் காத்து நின்று, இன்னொரு பஸ் ஏற வேண்டும். திரும்பி வரும்போது உடம்பில் ஒரு துளி பலமும் இருக்காது, பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பார். நோயாளர் வண்டி இல்லையா என்று கேட்பீர்கள். அது இன்னோர் ஆணையம். அதன் நம்பிக்கை தொண்ணூறு, அங்கேயும் சாளரம் பூட்டு. துஷ்யந்தியின் தம்பி குணாளன் முடிந்த நாட்களில் காரில் கூட்டிப் போனான். அவன் இருப்பது வேறு நகரம். எத்தனை நாளைக்கு முடியும்?

"இஞ்சாருங்கோ, வெளிக்கிடுங்கோ. பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள் துஷ்யந்தி, விழா முடிந்த மறுநாள்.

"இண்டைக்கு விடுவமப்பா. ஒரு நாள் விட்டால் என்ன, குடியே முழுகிப் போகும்?"

"போன கிழமையும் இதைத்தான் சொன்னீங்கள். டொக்டர் என்ன சொன்னவ? இப்பிடி விட்டு விட்டுப் போனால் இதயம் தாங்காதெண்டு சொன்னவவோ இல்லையோ?"

"சொன்னவதான்."

"பிறகென்ன?"

"அந்த பஸ்ஸை நினைச்சாலே எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வருது," என்று செல்வரூபன் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மோதிரம் மெல்லச் சொன்னது: 'ஐரோப்பிய நீர்வழி ஆணையம்.' பச்சை எரிந்தது. நல்ல, குளிர்ந்த, அசையாத பச்சை.

துஷ்யந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு உவங்களில அவ்வளவு நம்பிக்கையோ?"

"ஆரில?"

"நீர்வழி ஆணையத்தில. பச்சையா எரியுது, பாருங்கோ!"

செல்வரூபன் யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல மோதிரத்தைப் பார்த்தார். "நம்பிக்கையோ? அப்பிடி ஒண்டு இருக்கெண்டதே எனக்கு மறந்து போச்சு. அவங்கள் பாலத்தை இறக்குவாங்கள் எண்டு நீர்தான் நினைச்சு நினைச்சு ஏசுறீர். நான் உதை எப்பவோ விட்டிட்டன்."

துஷ்யந்தி அவர் காலில் மாட்டிவிட எடுத்த சப்பாத்தோடு அப்படியே நின்றாள். மாடிப்படியில், மின்தூக்கியில், கீழே பழக்கடையில் என்று தான் பார்த்த மோதிரங்களெல்லாம் ஞாபகம் வந்தன. எல்லாம் பச்சை. தாய் மடியில் தூங்கும் பிள்ளை அசையாதுதான். மயங்கிக் கிடக்கும் பிள்ளையும் அசையாதே!

நம்முடைய சனம் யாரை ஏசும்? பெற்ற பிள்ளையை ஏசும், கட்டினவனை ஏசும், பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு உனக்குக் கண் இல்லையோ என்று அவரையும் ஏசும். உரிமை இருக்கிற இடத்தில்தான் ஏச்சு. உறவு அறுந்து போனால் ஏச மாட்டார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, 'உமக்குப் பெரிய கும்பிடு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மோதிரம் செய்தவர்களுக்கு அந்தக் கும்பிடு தெரியவில்லை. லின்டன்டாம் முழுவதும் ஆணையத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டது, ஆணையம் அதை எண்ணிப் பார்த்து விருது கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

அதோடு ஒரு பெரிய பயமும் அவளைப் பிடித்தது. இந்த மனுசன் பாலத்தை மட்டும் விடவில்லை. தன்னையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறார். அன்று அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போனாள்.

நாற்பதுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் கூட்டம் வைத்தே ஆக வேண்டும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்! துஷ்யந்தி கதவு கதவாகத் தட்டினாள். கோபப்படுங்கோ, தயவு செய்து கோபப்படுங்கோ என்று கெஞ்சினாள். கீழ்த்தட்டில் பழக்கடை வைத்திருந்த யூசுஃப் நல்ல மனிதர், முயன்று பார்த்தார். கண்ணை இறுக மூடி, கையை முறுக்கி, முகம் பீட்ரூட் ஆகும்வரை மூச்சைப் பிடித்தார். மோதிரம் பச்சையாகவே இருந்தது.

"மைத்துனனை நினைத்தால் கோபம் வருகிறது, ஆணையத்தை நினைத்தால் வரவில்லையே," என்று மூச்சு வாங்கினார். அவர் பிளெமிஷ் மொழியில் சொன்னதன் சுருக்கம் இதுதான்: "கோபப்பட அவர்கள் ஏதாவது செய்திருக்க வேண்டும், துஷ்யந்தி. ஒன்றுமே செய்யாதவர்களை எதைச் சொல்லித் திட்டுவது?"

அந்தச் சொல் அவளோடு மாடியேறி வந்தது. கதவைச் சாத்தியதும் தம்பிக்கு அழைப்பு எடுத்தாள்.

"அக்கா, உனக்கென்ன விசரே?" என்றான் குணாளன், அவள் சொன்னதைக் கேட்டு. "பாலம் திருத்த எனக்கு என்ன தெரியும்? நான் குளியலறைக்கு மாபிள் பதிக்கிறவன்!"

"திருத்தச் சொல்லி ஆர் சொன்னது? தொடங்கு. தொடங்கினால் மட்டும் காணும், முடிக்க வேண்டாம். பாலத்தைச் சுத்திச் சாரத்தைக் கட்டி, ரெண்டு மூண்டு நாள் தட்டிக் கொட்டிப்போட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போ."

"பொலிஸ் வந்து கேட்டால்?"

"மஞ்சள் சட்டை போட்டவனை இந்த நாட்டில ஆர் கேட்டது?"

அது உண்மை. மஞ்சள் மேற்சட்டை போட்டு, நாலு செம்மஞ்சள் கூம்பை வைத்துவிட்டால், ஐரோப்பாவில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒவ்வொரு அலுவலகமும் அது மற்ற அலுவலகத்தின் வேலை என்று நினைத்துக்கொள்ளும்.

"அப்ப அத்தான்?" என்றான் குணாளன். "என்ர மூஞ்சையைக் கண்டால் அவருக்கு விளங்கிடுமே."

"நீ வராதை. உன்ர வேலைப் பொடியங்களை அனுப்பு. அவருக்குச் சொல்லவும் வேண்டாம்."

"பாவமக்கா அந்த மனுசன். அவரையும் சேத்தே பொய் சொல்லிப் பேய்க்காட்டப் போறாய்?"

"அவரைத்தான்ரா முதல்ல," என்றாள் துஷ்யந்தி. சொல்லிவிட்டு உடனே அழைப்பைத் துண்டித்தாள்.

அடுத்த வாரம் வண்டி வந்தது. கூம்பு வைத்தார்கள். பாலத்தின் காலைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். குணாளனின் ஆட்கள் துளைபொறியை வைத்து ஒரு பாவமும் அறியாத கொங்கிரீட்டைத் துளைத்தார்கள். முதல் நாள் சனம் பார்த்துவிட்டுத் தன் வழியே போனது. மறுநாள் யூசுஃப் கடையை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தார். அதற்கடுத்த நாள் வேலையாட்களுக்குத் தோடம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தார். பாலம் இறங்கினால் அந்தக் கரைச் சனமும் கடைக்கு வருமே என்று அலுமாரிகளை வேறு தூசு தட்டினார்.

மோதிரங்கள் மஞ்சளாகத் தொடங்கின. ஆணையத்தின் பெயரைக் கேட்டதும் ஒவ்வொரு நெஞ்சும் இப்போது கொஞ்சம் துடித்தது. உண்மையாகவே இறக்குவார்களோ? பொறி அதைச் சந்தேகம் என்று எழுதிக்கொண்டது. எண்பத்தாறு எழுபதானது. சனத்துக்கு நம்பிக்கை பிறந்ததும் நம்பிக்கை குறைந்துவிட்டது. இந்தக் கண்றாவியை எங்கே போய்ச் சொல்வது!

செல்வரூபன் தானாக எழும்பிச் சவரம் செய்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே போய், பாலத்தடியில் இருந்த மர வாங்கில் குந்தி, வேலையைப் பார்த்தார். பாரந்தூக்கி ஓட்டியவர் அல்லவா, அந்தச் சாரம் கட்டின விதம் சரியில்லை என்று வேலையாட்களுக்குப் புத்தி சொன்னார். பின்னேரம் வீட்டுக்கு வந்து, இன்னும் இரண்டு இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"அடுத்த மாசம் நடந்தே போயிடலாம் போலக் கிடக்கு," என்றார். "நீரும் வாரும். அந்தக் கரையில ஒரு பேக்கரி இருந்தது, ஞாபகம் இருக்கே?"

துஷ்யந்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றாள். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொல்லாமல், அவர் தட்டில் இன்னோர் இடியப்பத்தை வைத்தாள்.

மறுநாள் வேலையாட்கள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சாரம் காற்றில் கிறீச்சிட்டது, கூம்பு ஒன்று உருண்டு கால்வாயில் விழுந்தது. மூன்றாம் நாள் யூசுஃப் ஒரு பழப்பெட்டியைத் தூக்கி நடுவீதியில் அடித்தார். அந்த அடியோடு லின்டன்டாமே எழும்பியது. பல்கனிகளில் நின்று சனம் தெரிந்த மொழிகளிலெல்லாம் ஏசியது. மாடிப்படியில் நின்றால் மோதிரங்கள் இரைகிற சத்தம் தேன்கூடு கலைந்தது போலக் கேட்டது. செல்வரூபன் மத்தியானம்வரை வாங்கிலே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிச் சுவரில் எறிந்தார்.

"பேய்க்காட்டுறாங்களப்பா எங்களை! தொடங்கிப்போட்டு விட்டிட்டுப் போறதுக்கு இதென்ன சின்னப் பிள்ளையளின்ர மண்சோறோ? நாளைக்கு டயாலிசிஸுக்குப் போய் அங்கை இருக்கிற எல்லாருக்கும் சொல்லுறன் பாரும்!"

மோதிரம் செக்கச் சிவந்திருந்தது. மறுநாள் அவளுக்கு முன்னால் அவரே வெளிக்கிட்டார். இரண்டு பஸ்ஸிலும் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் பாலத்தின் கதையைச் சொன்னார். ஏசிக்கொண்டு போன மனுசனுக்கு அன்று வாந்தியும் வரவில்லை. துஷ்யந்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

லின்டன்டாமின் நம்பிக்கை இருபத்திரண்டுக்கு விழுந்தது. ஐரோப்பிய நீர்வழி ஆணையம் குறைகேள் கூட்டத்தை அறிவித்தது.

கூட்டம் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. இருக்க இடமில்லாமல் சனம் சுவரோரம் நின்றது. ஆணையத்திலிருந்து எல்கே ஃபான் டோர்ன் என்ற அதிகாரி வந்திருந்தாள். இளம் பெண், நல்ல பணிவு, கண்ணில் உண்மையான கவலை. அவள் பேசியதை ஒவ்வொரு கதிரையிலும் இருந்த மொழியிணைப்பி அவரவர் மொழியில் சொன்னது. செல்வரூபன் புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் இருந்தார். துஷ்யந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மதிப்புக்குரிய மக்களே, தாங்கள் அடைந்த துயரத்திற்கு ஆணையம் மனம் வருந்துகிறது," என்று தொடங்கினாள் எல்கே. சுவரில் ஒரு கோடு ஒளிர்ந்தது. "இது தங்கள் நம்பிக்கைக் கோடு. பாலம் பழுதடைந்த நாள் முதல் இரண்டு ஆண்டுகளாக இது சீராக உயர்ந்து வந்துள்ளது. பாலத்தில் திருத்தப் பணி தொடங்கிய அன்று சரியத் தொடங்கியது. சில நாட்களில் அதலபாதாளத்தில் விழுந்தது. காரணம் ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. பணிதான் காரணம். ஆகவே பணியை முற்றாக நிறுத்துகிறோம். சாரம் நாளையே அகற்றப்படும். இத்தகைய தவறு இனி நிகழாது."

யூசுஃப்தான் முதலில் எழும்பினார். "எந்தத் தவறு?"

"பாலத்தைத் திருத்தத் தொடங்கிய தவறு."

துஷ்யந்தி எழும்பிவிட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்து நின்றால் பிடித்தவள்தானே பொறுப்பு?

"நிப்பாட்டுங்கோ! வேலையை நீங்கள் தொடங்கேல்லை. நான்தான் தொடங்கினது. அது என்ர தம்பியின்ர ஆக்கள், அது பொய் வேலை. சனத்துக்குக் கோவம் வந்தது வேலை நடந்ததுக்கு இல்லை, நிண்டு போனதுக்கு!"

அவளுடைய கைக்குள் இருந்த செல்வரூபனின் கை மெல்ல விலகியது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

எல்கே கோபிக்கவில்லை. முகம் மலர்ந்தாள். "அப்படியா! மிக்க நன்றி அம்மையீர். பணிக்கு ஒப்புதல் கொடுத்தது யார் என்று எங்கள் துறைகளில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. ஆயினும் யார் தொடங்கினார் என்பதால் முடிவு மாறாது. தங்கள் சோதனை விலைமதிப்பற்றது. எதையாவது தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு ஆணையத்திடம் இதுவரை தரவே இருக்கவில்லை."

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளும். ஏசுறவைதான் உங்களை நம்பிற ஆக்கள். பேசாமல் இருக்கிறவை உங்களைக் கைகழுவிட்டினம். உங்கட மோதிரம் தலைகீழா அளக்குது. எங்கட மனுசனுக்குப் பச்சை எரிஞ்ச காலத்தில அவர் சாகப் பாத்தவர். விளங்குதே?"

எல்கே கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு தரம் திரையைப் பார்த்தாள். "தங்கள் கருத்தைப் பதிவு செய்கிறேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. மோதிரத்தின் மீது தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்கிறீர்கள். மோதிரத்தின் மீது மக்களுக்குள்ள நம்பிக்கை தொண்ணூற்று நான்கு சதவீதம்."

"அதை எதால அளந்தனீங்கள்?"

"மோதிரத்தால்."

துஷ்யந்தி வாயைத் திறந்தாள். ஏச்சு வரவில்லை. எத்தனையோ வருடமாக வற்றாத ஊற்று அந்த இடத்தில் வற்றிப் போனது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"உங்களுக்குப் பெரிய கும்பிடு!"

மொழியிணைப்பி அதை மரியாதை நிறைந்த வணக்கம் என்று பெயர்த்தது. எல்கேயின் கண் கலங்கிவிட்டது. அவளும் எழும்பி, அழகாகக் கைகூப்பி, துஷ்யந்தி மண்டபத்தை விட்டு வெளியே போகும்வரை அப்படியே நின்றாள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நீட்டிச் சொன்னால் வயிறு எரியும். ஆணையம் லின்டன்டாம் தரவை மற்ற ஆணையங்களுக்கு அனுப்பியது. 'தொடங்காமை நெறி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எதையும் தொடங்காதே, தொடங்கியதை உடனே அகற்று, மக்கள் நம்பிக்கை தானாக உயரும். உயர்ந்தது. ஒரு நாட்டில் பாதி போட்ட ரயில் பாதையைக் கிளப்பி எடுத்தார்கள், மறு மாதமே நம்பிக்கை எண்பதைத் தொட்டது. இன்னொரு நாட்டில் கட்டிக்கொண்டிருந்த ஆசுபத்திரியை மண்ணால் மூடிப் புல் பதித்தார்கள். சாளரங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தேர்தல் காலத்தில்தான் நாடிகள் அதிகம் எகிறுகின்றன என்று யாரோ சுட்டிக்காட்ட, மக்களின் நம்பிக்கையைப் பாதுகாக்கும் பொருட்டுத் தேர்தலும் தள்ளிவைக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த அன்று கண்டம் முழுவதும் ஒரு மோதிரமும் அசையவில்லை.

லின்டன்டாமும் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பியது. யூசுஃப் அலுமாரிகளை மூடினார். செல்வரூபன் மட்டும் சிவப்பாகவே இருந்தார், ஆனால் துஷ்யந்தியோடு பேசுவதில்லை. தானே எழும்பி, தானே வெளிக்கிட்டு, தனியாக பஸ் ஏறினார். அவள் சமைத்ததைச் சாப்பிட்டார், கோப்பையைக் கழுவி வைத்தார், அவ்வளவுதான். பல்கனிக் கதவு மூடியே கிடந்தது. துஷ்யந்தி அதைத் திறப்பதை விட்டுவிட்டாள்.

ஒரு காலையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மோதிரம் மெல்லச் சொன்னது: 'ஐரோப்பிய நீர்வழி ஆணையம்.' அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். விரலில் பச்சை எரிந்தது. பிறகு செந்தமிழ்க் குரல் வந்தது. "மதிப்புக்குரிய குடிமகளே, முதன்முறையாகத் தாங்கள் ஆணையத்தின் மீது முழு நம்பிக்கை கொண்டுள்ளீர்கள். நன்றி."

கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த செல்வரூபன் தலையை நிமிர்த்தினார். பல நாளுக்குப் பிறகு அவளிடம் வாய் திறந்தார்.

"என்ன சொன்னது உது?"

"ஒண்டுமில்லை. நன்றி சொல்லுது."

அவர் எழும்பி வந்து அவள் கையைத் தூக்கிப் பார்த்தார். "பச்சையோ? உமக்கோ?"

"விடுங்கோப்பா. உவங்களோட ஆர் மினக்கெடுறது."

செல்வரூபன் அந்தக் கையை விடவில்லை. "நீர் என்னைப் பேய்க்காட்டினது எனக்கு இன்னும் ஆறேல்லை. அது எங்கட வீட்டுக் கதை, அதைப் பிறகு பாப்பம். உந்தக் கோதாரி விழுவாங்களை நீரும் விட்டால், ஆரப்பா பிறகு ஏசுறது? என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏத்தின மனுசியெல்லே நீர்!" அவருடைய விரல் சிவந்து இரைந்தது. ஆணியிலிருந்த அவளுடைய கோட்டை எடுத்து நீட்டினார். "எழும்பும். பஸ்ஸுக்கு நேரமாச்சு. போற வழி முழுக்க நான் ஏசுறன், நீர் கேட்டுக்கொண்டு வாரும்."

அவள் வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். பாலத்தடியால்தான் பஸ் தரிப்பிடத்துக்குப் போக வேண்டும். சாரம் இல்லை. பாலம் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பழைய பித்தளைத் தகட்டுக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று மின்னியது. 'தொடங்காமை நெறி பிறந்த இடம்.'

"பாருமப்பா, இதைப் பாரும்!" என்று செல்வரூபன் கத்தினார். "பாலத்துக்கு ஒரு ஆணி அடிக்க வக்கில்லை, பித்தளையில தகடு!"

துஷ்யந்தி பார்க்க விரும்பவில்லை. ஆனாலும் பார்த்தாள். வலது பக்கம் ஓர் ஆணி குறைவாக, தகடு சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"உதையும் கோணலாத்தான் பூட்டியிருக்கிறாங்கள், கண்டறியாதவங்கள்," என்றாள்.

அவளுடைய விரலில் மஞ்சள் எரிந்தது. அன்று ஐரோப்பாவின் நம்பிக்கை ஒரு துளி குறைந்துவிட்டதாக ஆணையம் கவலையோடு குறித்துக்கொண்டது.